மண்ணின் ஈரத்தைக் குடியானவரே அளக்கவேண்டும்

கொங்கு நாட்டில் கிணற்றை நம்பித் தோட்டப் பயிர் செய்யும் குடியானவர், நீர் பாய்ச்சவேண்டிய நாளைத் தீர்மானிப்பதற்கு நெடுங்காலமாக ஒரே ஒரு கருவியைத்தான் உபயோகித்து வந்தார். அது அவருடைய கை. பயிரின் வேரோட்டத்தில் ஒரு பிடி மண்ணைத் தோண்டி எடுத்து அழுத்திப் பார்ப்பார். உருண்டையாக நின்றால் இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம், உதிர்ந்துவிட்டால் மறுநாள் விடியலில் கவலை பூட்டவேண்டும். இம்முறையைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது செவ்வனே நடந்துவந்ததற்குக் கையறிவு மட்டும் காரணமன்று என்பதையும் சொல்லவேண்டும். எருதுகளும் ஆளும் காலை முதல் உழைத்து மேலேற்றிய நீரை எவரும் அவசியமின்றிப் பாய்ச்சத் துணியார். இறைப்பின் கஷ்டமே சிக்கனத்துக்குக் காவலாக இருந்தது.

1932-ஆம் ஆண்டில் பைக்காராவின் மின்சாரம் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு வந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்நகரிலேயே எலெக்ட்ரிக் மோட்டார் செய்து காட்டினர். பின்னர்க் கவலை ஏற்றம் மறைந்தது, கிணறுகள் ஆழமாயின, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின, விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்று. மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த ஆண்டுகளில், மின்சாரம் வந்தவுடன் தானாகவே மோட்டாரை ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்தி, மடையைத் திறந்துவைத்துவிட்டு உறங்கச் செல்வது நம் தோட்டங்களில் வழக்கமாயிற்று. நீர் பாயும் நேரத்தை மண் தீர்மானிக்கவில்லை, மின்கம்பி தீர்மானித்தது. மின்சாரத்துக்குக் கட்டணச் சீட்டு வராததனால் இறைத்த நீருக்கும் கணக்கு வருவதில்லை. துளையிட்ட கிணறு வற்றிப் புதுத் துளைக்குப் பணம் கட்டும் நாளில் பழைய கணக்கு முழுவதும் ஒரே சீட்டாக வந்து சேர்கிறது. கோயம்புத்தூர்ச் சமவெளியில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே என்பதை நினைத்தால், இந்தக் கடன் எவ்வளவு விரைவில் ஏறக்கூடியது என்பது விளங்கும்.

ஆகவே மண்ணின் ஈரத்தைக் கேட்டு நீர் பாய்ச்சும் பழக்கம் திரும்பவும் வரவேண்டும். எல்லாத் தோட்டங்களிலும் நாள்தோறும் மண்ணைப் பிடித்துப் பார்க்க ஆள் இல்லை; சொந்தக்காரர்களிற் பலர் பகலில் வேறு தொழிலில் இருக்கின்றனர். இந்த இடத்தில்தான் சென்சார் என்று வழங்கும் உணர்கருவிகளும், அவற்றின் சொல்லைக் கேட்டு எண்ணாக மாற்றிக் கொடுக்கும் சிறு மின்பலகைகளும் உதவிக்கு வருகின்றன. இவற்றை வாங்குவதா, கற்பதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கற்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மின்பலகை இன்னதென்று அறியாதவர்க்குச் சுருக்கமாகக் கூறுகிறேன். 2005-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து இவ்ரேயா நகரில், மின்னியல் படியாத மாணவர்களும் எளிதில் கையாளவேண்டுமென்று சில ஆசிரியர்கள் ஒரு பலகையை உண்டாக்கினர். அதற்கு ஆர்டுயினோ என்று பெயர். அதன் நடுவே மைக்ரோ கண்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தி ஒன்று இருக்கிறது. அதன் அமைப்பை எவரும் நகலெடுக்கலாமென்று விட்டுவிட்டதனால், அவ்வினப் பலகைகள் இன்று சில நூறு ரூபாய்க்குக் கோயம்புத்தூர்க் கடைகளிலேயே அகப்படுகின்றன. இவ்வினத்தில் மிகுதியாக வழங்கும் ஊனோ என்ற பலகை, தன் அளவுமுனையில் வரும் 5 வோல்ட்டு வரையான மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றித் தரும். அது செய்வது அவ்வளவே. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது பலகைக்குத் தெரியாது.

பொருளைக் கொடுக்கவேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரர். இதைச் சற்று விவரமாகவே பார்க்கவேண்டும். ஏனெனில் கடைக்காரர்களின் விளம்பரங்களில் இச்செய்தி காணப்படுவதில்லை.

மணல் கலந்த செம்மண்ணில் எடைக்கு 20 சதவிகிதம் ஈரம் இருந்தால் அந்நிலம் நிறைந்து நிற்கிறதென்று பொருள். அதே 20 சதவிகிதம் களி மிகுந்த கரிசலில் இருந்தால், பயிர் வாடத்தொடங்கும் எல்லைக்கு அது அருகில் இருக்கலாம். களி அந்த ஈரத்தைத் தன்னிடம் இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடுவதில்லை. நம் ஜில்லாக்களில் இவ்விரு மண்ணும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் உண்டு; ஒரே தோட்டத்தின் மேட்டிலும் பள்ளத்திலும்கூட உண்டு. ஒருவர் நிலத்துக்கு நிச்சயித்த எண்ணை மற்றொருவர் நிலத்தில் நம்பினால் பயிர் காயும், அல்லது கிணறு காயும். வெளியூரில் அளவு நிச்சயித்து மூடி முத்திரையிட்டு வந்த பெட்டிக்கு நம் மண்ணைப்பற்றி என்ன தெரியும்?

நிச்சயிக்கும் முறை கடினமானதன்று. தோட்டத்து மண்ணை அரையடி ஆழத்திலிருந்து எடுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திச் சலித்து, 2 கிலோ நிறுத்து ஒரு வாளியில் இடவேண்டும். கருவியை அதில் செருகி, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. பின்பு 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றிக் கலந்து, நீர் எங்கும் பரவும்படி இரவு முழுவதும் மூடிவைத்து, மறுநாள் எண்ணைக் குறிக்க. 2 கிலோ மண்ணுக்கு 100 மில்லிலிட்டர் என்பது 5 சதவிகிதம். இப்படியே 10, 15, 20 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். கரிசலானால் 35 வரையிற்கூடப் போகவேண்டியிருக்கும். வாளி மண்ணின் இறுக்கம் வயல் மண்ணின் இறுக்கமன்று. ஆதலால் வயலில் கருவி நிற்கும் இடத்துக்கு அருகிலேயே மண்ணெடுத்துச் சரிபார்ப்பதும் அவசியம். எடுத்தவுடன் 150 கிராம் இருந்த மண், அடுப்பில் 105 டிகிரி சென்டிகிரேடில் 24 மணி நேரம் காய்ந்தபின் 125 கிராம் நின்றால், போன நீர் 25 கிராம். உலர்ந்த மண்ணின் எடைக்கு 20 சதவிகிதம். மண்பரிசோதனை நிலையங்களில் இவ்வகை அடுப்பு வழக்கமாக உள்ள சாதனமே.

இவ்வளவு சிரமமும் வேண்டாமென்பார்க்கு இன்னும் எளிய உபயோகம் ஒன்று உண்டு. கருவிகள் செலவைத் திரும்பத் தருவது இதனால்தான் என்பது என் எண்ணம். ஒரு கருவியை ஓரடி ஆழத்திலும், மற்றொன்றை வேரோட்டத்துக்குக் கீழே இரண்டரை அடியிலும் வைக்கவேண்டும். மஞ்சள் பாத்தியில் நீர் பாய்ச்சியபின், மறுநாளில் கீழ்க்கருவியின் எண் மாறினால், பாய்ச்சியதில் ஒரு பங்கு வேரைக் கடந்து போய்விட்டதென்று அறியலாம். அதனுடன் கரைந்த யூரியாவும் போயிற்று. இதை அறிய அளவு நிச்சயிக்கவும் வேண்டியதில்லை. எண் அசைந்ததா, அசையவில்லையா என்பதே போதும். அடுத்த முறை மோட்டாரை ஒரு மணி நேரம் முன்பாக நிறுத்திப் பார்க்கலாம். கீழ்க்கருவி அசையாமல் நிற்கும்வரை குறைத்துக்கொண்டு வந்தால், அத்தோட்டத்துக்கு வேண்டிய நேரம் இன்னதென்பது ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும்.

மேற்கருவியும் ஒரு பாடம் சொல்லும். அரைமணிக்கு ஒருமுறை குறித்துவைத்தால், ஈரம் பகலில் இறங்கி இரவில் நின்று, மறுபகலில் மீண்டும் இறங்கிப் படிக்கட்டைப் போல் காணப்படும். பயிர் குடிப்பது பகலில் என்பதனால் இப்படி ஆகிறது. வெயில் குறையாமல் இருக்கும்போதே படியின் உயரம் சிறுத்துக்கொண்டு வந்தால், வேருக்கு நீர் எடுப்பது கஷ்டமாகிறதென்று கொள்ளவேண்டும். இலை சுருளுவதற்கு முன்பே இது தெரிகிறது. கையால் மண்ணைப் பிடித்துப் பார்த்த நம் முன்னோர்க்கு இவ்விஷயம் தெரிய வழியில்லை.

இனி எந்தக் கருவியை வைப்பது? கடையில் மிகவும் மலிவாக விற்கும் இருமுனை முள்ளைப் பெரும்பாலோர் முதலில் வாங்குவர். இரு முனைகளுக்கு நடுவே மண் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறதென்பதை அது அளக்கிறது. இதில் இரண்டு குறைகள் உள்ளன. இடைவிடாமல் மின்சாரம் ஓடினால் ஒரு முனை சில வாரங்களில் அரித்துப்போகும். அளக்கும் ஒரு நொடி மட்டும் மின்சாரம் விடும்படி பலகைக்குக் கட்டளை எழுதினால் ஆயுள் நீளும். மற்றொரு குறை பெரியது. மண்ணில் உப்பு இருந்தால் அது ஈரம் என்றே காட்டும். உரம் இட்ட மறுநாளிலும், உவர்நீர்க் கிணறு உள்ள தோட்டங்களிலும் அதன் சொல் பொய். மண்ணின் மின்கொள்திறனை அளக்கும் மற்றொரு வகை, கப்பாஸிட்டிவ் என்பது, சற்று விலை கூடுதலானாலும் உப்பினால் குறைவாகவே ஏமாறும். அதில் பெரும்பாலும் ஈரம் ஏற எண் இறங்கும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். பலகையின் ஓரங்களில் நீர் ஊறாதபடி வார்னிஷ் பூசாமல் அதை மண்ணில் இறக்கலாகாது.

உப்பைப்பற்றிச் சொல்லும்போது நொய்யல் கரையை நினையாமல் இருக்க முடியவில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை நீரும் சுற்றுப்புறக் கிணறுகளும் உவர்த்துப் பயிர் அழிந்த வரலாற்றை இப்பக்கத்தார் யாவரும் அறிவர். ஆயக்கட்டுக்காரர்களின் சங்கம் நீதிமன்றம் சென்றது. கழிவு சிறிதும் வெளியேறலாகாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவு பிறந்தது. நீரின் உப்பை அளக்கும் கருவியும், ஈரத்தைப்பற்றிப் பொய் சொல்லும் அந்த இருமுனை முள்ளும் தத்துவத்தில் ஒன்றே. ஈரம் அளக்க உதவாத முள்ளைக் கிணற்று நீர் நிரம்பிய குவளையில் மாதம் ஒருமுறை இட்டு எண்ணைக் குறித்துவந்தால், தம் கிணறு எப்போது மாறத்தொடங்கிற்று என்பது சொந்தக்காரருக்கே தெரிந்திருக்கும். நீதிமன்றத்தில் அந்த எண் சாட்சியம் ஆகாது. ஆனால் ஆய்வுசாலைக்கு நீரை எப்போது அனுப்பவேண்டும் என்பதை அது உரிய காலத்தில் சொல்லும். கிராம நிர்வாக அலுவலர் தம் மேலதிகாரிக்கு எழுதும் காகிதத்தில் தேதியோடு ஒரு செய்தி இருக்கும்.

விலைக்கு வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய கருவியும் உண்டு. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் புயூகோஸ், மிக் என்ற இரு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஜிப்சக்கட்டி முறை அது. பிளாஸ்டர் ஆப் பாரிஸைக் குழைத்துச் சிறு அச்சில் வார்த்து, துருப்பிடிக்காத இரண்டு கம்பிகளை அதில் பதித்துக் காயவைத்துப் புதைத்தால், மண்ணின் ஈரத்துக்கு ஒத்தபடி கட்டியும் நனைந்து உலரும். ஜிப்சம் தானே ஓர் உப்பாதலால், மண்ணிலுள்ள உப்பின் சிறு மாறுதல்கள் அதைப் பாதிப்பதில்லை. நன்கு நனைந்த மண்ணில் வேறுபாடு காட்டாது என்பதும், சில பருவங்களில் கரைந்துவிடும் என்பதும் அதன் குறைகள். ஆயினும் வெடிக்கும் கரிசலில், முள்ளைச் சுற்றி வெடிப்பு விழுந்து காற்று புகுந்து எண் கெட்டுப்போகும் இடங்களில், இதைச் சோதித்துப் பார்ப்பது தகும்.

நம் ஊரிலேயே 1912-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஹரி, புத்திர பிரதாப் ஆகியோர் செய்த ஈரங்காட்டும் கருவியை இங்கே குறிப்பிடாவிட்டால் குறையாகும். இரு கம்பிகளை மண்ணில் ஊன்றினால் விளக்கு எரியும். நீலமானால் ஈரம் மிகுதி; பச்சையானால் போதும்; ஆரஞ்சு நிறமானால் குறைவு, பாய்ச்சலாம்; சிவப்பானால் உடனே பாய்ச்சவேண்டும். எழுத்தறியாதவரும் நிறத்தை அறிவர். இவ்வளவு எளிமையாக ஒன்றைச் செய்வதே பெருந்திறமை. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வயலெங்கும் நடக்கலாம் என்பதும் அதன் சிறப்பு. கற்கச் சிறிதும் அவகாசமில்லாதவர் அதை வாங்கி உபயோகிப்பது முற்றிலும் சரி. ஆனால் நான்கு நிறங்களில் இரவும் பகலும் ஏறியிறங்கும் படிக்கட்டைக் காணமுடியாது. இரண்டரை அடிக்குக் கீழே நழுவிய நீரையும் காணமுடியாது. அவற்றைக் காணவேண்டியவர் பலகையைக் கற்கவேண்டும்.

மோட்டாரைப்பற்றி ஓர் எச்சரிக்கை. கருவி ஈரம் குறைந்ததென்று சொன்னவுடன் மோட்டார் தானே ஓடவேண்டும் என்பதுதான் இளைஞர்களின் முதல் ஆசை. பலகையுடன் விற்கும் சிறு ரிலேயில் மும்முனை மோட்டாரின் கம்பியை நேராக இணைப்பது உயிருக்கே அபாயம். ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் சுருளைமட்டும் தகுந்த ரிலேயால் இயக்கலாம். அதையும் உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்யவேண்டும். நீரின்றி ஓடுவதையும் ஒருமுனை இழந்து ஓடுவதையும் தடுக்கும் பாதுகாப்புகளை எக்காரணத்தாலும் நீக்கலாகாது. தோட்டத்தில் நெடுந்தூரம் இழுத்த கம்பி இடி மின்னலை வரவேற்கும். எலியும் அதைக் கடிக்கும். பவர் டில்லர் அதை அறுக்கும். கம்பி அறுந்தால் எண் பூஜ்யம் ஆகலாம், உச்சமும் ஆகலாம். பூஜ்யத்தை வறட்சி என்று எண்ணி விடிய விடிய இறைக்கும் மோட்டாரை விட, உறங்கச் சென்ற பழைய ஆட்டோ ஸ்டார்ட்டர்க்காரரே மேல். முதல் ஆண்டு முழுவதும் கருவி எண்ணை மட்டும் சொல்லட்டும்; மோட்டார் மனிதன் கையில் இருக்கட்டும்.

கட்டளைகளை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருக்கிறதே, நமக்கு எப்படி வரும் என்று சிலர் தயங்குகின்றனர். ஓர் ஈரமானியை ஓட்ட இருபது வரி போதும். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பத்துக்கு மேல் இரா. பள்ளிக்கூடம் பாதியில் விட்டவர்கள் மோட்டார் சுருள் கட்டுவதைக் கண்ணால் பார்த்தே கற்று, இந்நகரைப் பம்பு செட்டுக்குப் பெயர்பெற்ற ஊராக்கினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இருபது வரி வராது என்று நான் நம்பத் தயாரில்லை. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய அடல் டிங்கரிங் திட்டத்தில் 6 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவர்க்காகப் பல பள்ளிகளில் செய்முறைக்கூடங்கள் அமைந்தன. அவற்றில் இவ்வகைப் பலகைகளே பாடப்பொருள். அங்கே விளக்கை எரியவைத்தும் அணைத்தும் முடிந்துபோகும் பாடத்துக்கு, தந்தையின் தோட்டத்து மண் ஒரு வாளி கொண்டுபோகும் மாணவன் புது உயிர் கொடுப்பான். வீட்டில் பாத்திகளைப் பார்த்துக்கொள்பவர் பெண்களாயிருக்க, வகுப்புக்கு ஆண்களை மட்டும் அழைக்கும் வழக்கத்தையும் விடவேண்டும்.

இலாகாவின் கவனத்துக்கு ஒரு வார்த்தை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகள் 100 சதவிகிதமும் மற்றையோர் 75 சதவிகிதமும் மானியம் பெறுகின்றனர். நல்லதே. ஆனால் சொட்டுக்குழாய் போட்ட தென்னந்தோப்பிலும் எத்தனை மணி நேரம் திறப்பது என்பதற்கு வாய்வழிச் செய்தியே ஆதாரமாக இருக்கிறது. அதே வழியில் உணர்கருவிப் பெட்டிகளையும் மானியத்தில் வழங்கத் தொடங்கினால், இரண்டு ஆண்டில் அவை மோட்டார் அறையின் பரணில் ஏறிவிடும். பழுதானதைத் திறக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லையென்றால் வேறென்ன நடக்கும்? பெட்டிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, வட்டார விரிவாக்க மையத்தில் ஒரு கிராமத்துக்கு இருவராக வரவழைத்து, தம் மண்ணைத் தாமே நிறுத்து உலர்த்தி எண் நிச்சயிக்கச் செய்து அனுப்புவது மேல் என்பேன். 1906-இல் நிறுவப்பட்டு, 1971 முதல் பல்கலைக்கழகமாய் விளங்கும் நம் விவசாயக் கல்லூரி அருகிலேயே இருக்க, இதற்கு ஆசிரியர் பஞ்சம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் அவ்விருவரின் குறிப்பேட்டை மாதம் ஒருமுறை பார்வையிட்டுக் கையெழுத்திட்டாற் போதும்.

ஐப்பசி மழைக்கு முன்பே மண்ணை எடுத்து உலர்த்தினால் நிறுக்கும் வேலை எளிது. மழை தொடங்கிவிட்டால் வெயிலுக்குக் காத்திருக்க நேரும். மண்பரிசோதனை நிலையங்கள் வாரத்தில் ஒருநாள் தம் அடுப்பைக் குடியானவர்களுக்கென்று ஒதுக்கிவைக்குமானால் இவ்வாண்டிலேயே தொடங்கலாம்.